புஷ்பராணி அக்காவின் இந்தியக் கோதுமை

புஷ்பராணி அக்காவுக்கு வாயில்தான் சனி. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். சொல்லிவிட்டு அந்த வாயை மூடுவாரா என்றால் அதுவும் கிடையாது. பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில் எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற பகுதி பார்க் எக்ஸ்டென்ஷன். அங்கே என் மகள் படித்த ஆரம்பப் பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் கத்திக் கத்திச் சாப்பிடுகிற இடத்தில் வாயில்லாத பூச்சி ஒருகிழமை தாக்குப்பிடிக்காது. கடவுள் ஆளறிந்துதான் வேலையைக் கொடுத்திருக்கிறார்.

அதற்கு முதல் அவர் ஷபனல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட் செய்தார். சட்டைக்குக் கொலர் பிடிக்கிற வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு வயது மகன் கஜீவனோடு வந்து இறங்கிய மூன்றாம் மாதமே அந்த மெஷினில் குந்தியவர், தொழிற்சாலையைச் சீனாவுக்குக் கட்டிக்கொண்டு போகும்வரை எழும்பவில்லை. பூட்டிய பிறகு அரசாங்கம் பிரெஞ்சு படிக்கச் சொல்லி அனுப்பியது. அந்த வகுப்பில்தான் நானும் இருந்தேன். எனக்கு இலக்கணம் வந்தது, வாய் திறக்கவில்லை. அக்காவுக்கு வாய் தாராளமாகத் திறந்தது, இலக்கணம் பயந்து ஓடிவிட்டது. கடைசியில் வேலை கிடைத்தது யாருக்கு? அவருக்குத்தான். எனக்கு இன்னும் அந்த எரிச்சல் கொஞ்சம் உண்டு.

அவருடைய பிரெஞ்சு எப்படியென்றால், தமிழில் நினைத்ததை அப்படியே தூக்கிப் பிரெஞ்சில் போடுவார். ஒருநாள் ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லாமல் முழித்துக்கொண்டு நின்ற ஹெயிட்டிப் பிள்ளை ஒன்றைப் பார்த்து, "வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ?" என்று பிரெஞ்சில் கேட்டிருக்கிறார். கொழுக்கட்டைக்குப் பிரெஞ்சு தெரியாததால் அதைத் தமிழிலேயே விட்டுவிட்டார். பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. பதில் சொல்லாதவன் எல்லாம் கொழுக்கட்டை. கிரேக்கப் பிள்ளை, பாகிஸ்தான் பிள்ளை, வியட்நாம் பிள்ளை என்று எல்லாரும் முற்றத்தில் "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பிரெஞ்சில் டீச்சர்மாரை 'மடம்' என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் அக்காவுக்கு 'மடம் கொழுக்கட்டை' என்று பெயரும் வைத்தார்கள். அவர் அதற்கெல்லாம் கோபிக்கிற ஆளில்லை.

இனி வேலிக் கதைக்கு வருகிறேன். பள்ளியைச் சுற்றிக் கம்பிவேலி. காலையில் நாங்கள், அதாவது தமிழ்த் தாய்மார், பிள்ளையைக் கொண்டுவந்து கேற்றுக்குள் தள்ளிவிட்டு வேலிக்கு வெளியே நிற்போம். பின்னேரம் வந்து அதே இடத்தில் நின்று கூட்டிக்கொண்டு போவோம். உள்ளே காலடி வைத்ததில்லை. யாரும் மறிக்கவில்லை, கேற்று பப்பரப்பா என்று திறந்துதான் கிடக்கும். எங்களுக்குத்தான் பயம். உள்ளே போனால் டீச்சர் பிரெஞ்சில் ஏதாவது கேட்பார், நாங்கள் விழிப்போம், பிள்ளைக்கு முன்னால் மானம் போகும். அத்தோடு எங்கள் மண்டையில் ஒரு நினைப்பு: பள்ளிக்கூடம் தாய் தகப்பனைக் கூப்பிடுகிறதென்றால் பிள்ளை ஏதோ குழப்படி செய்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

நாங்கள் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அக்காவுக்குப் பொறுக்காது. வந்து கத்துவார்.

"மிருகக்காட்சிச் சாலைக்கோ வந்தனீங்கள்? உள்ளுக்கு வாங்கோவன்!"

"பேந்து வாறம் அக்கா, இன்னொரு நாளைக்கு."

"உங்கட பேந்து எனக்குத் தெரியும். நானும் உப்பிடித்தான் பேந்து பேந்து எண்டு நிண்டனான். என்ர பெடியன் ஆறு வருசம் இந்தப் பள்ளிக்கூடத்திலைதான் படிச்சவன். வீடு பின்சந்திலை. ஒருநாள் உள்ளுக்கு வந்தனானோ? இல்லை. அவன்ர வகுப்பு மேலையோ கீழையோ எண்டுகூட எனக்குத் தெரியாது. பிறகு பெடியன் வளர்ந்திட்டான். இனி ஆரைப் பார்க்க உள்ளுக்குப் போறது?"

இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் இறங்கும். எங்களை உள்ளே இழுக்க வேண்டுமென்று அவர் பட்ட பாடு முழுக்க அதிலிருந்து வந்ததுதான். தான் விட்டதை நாங்களும் விடக்கூடாது என்று நினைத்தார். அது எங்களுக்கு விளங்கியது. விளங்கியும் வேலியை விட்டு அசையவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு செப்டம்பரில், பள்ளி தொடங்கிக் கொஞ்ச நாளில், தலைமை ஆசிரியை மடம் கத்தரின் பள்ளியில் வேலைசெய்கிறவர்கள் எல்லாரையும் கூட்டி வைத்துக் கதைத்தார். ஒவ்வொரு இலையுதிர் காலமும் அந்தப் பள்ளியில் ஒரு விழா நடக்கும். புது வருடம் நல்லபடி தொடங்கட்டும் என்று செய்கிற விழா. பெற்றோருக்கும் அழைப்பு உண்டு. நாலு கிரேக்கத் தாய்மாரும் இரண்டு தகப்பன்மாரும் வருவார்கள், அவ்வளவுதான். "இந்த முறையும் பெற்றோர் வராவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துவிடுவோம். வராதவர்களை எத்தனை தரம் கூப்பிடுவது?" என்றார் மடம்.

புஷ்பராணி அக்கா எழும்பி நின்றார். "தமிழ் அம்மாக்கள் எல்லாரும் வருவார்கள். நான் கொண்டுவருகிறேன்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டார். வாக்குக் கொடுத்த பிறகுதான் அது என்ன விழா என்று யோசித்தார். அவர் வேலைக்குச் சேர்ந்தது போன விழா முடிந்த பிறகு, அதனால் அதைக் கண்ணால் கண்டதில்லை.

விழாவின் பெயர் 'எப்லுஷெத் த ப்ளே டேந்த்'.

அக்கா சொல்லைப் பிரித்துப் பார்த்தார். 'ப்ளே' என்றால் கோதுமை, பாண் வாங்கப் போகும்போது படித்தது. 'டேந்த்' என்றால் இந்தியாவினுடைய. ஆக, இந்தியக் கோதுமை. 'எப்லுஷே' என்று அகராதியில் பார்த்தால் உரித்தல், துப்புரவாக்கல் என்று கிடந்தது. கோதுமையில் என்னத்தை உரிக்கிறது? துப்புரவாக்குவதென்றால் புடைப்பதுதான். கல்லும் உமியும் போகச் சுளகில் போட்டுப் புடைக்கிற விழா! பள்ளிக்கூடம் எங்கள் ஆட்களை மதித்து, எங்கள் பக்கத்துத் தானியத்தை வைத்து, எங்கள் வேலையையே விழாவாக எடுக்கிறது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

யாரையாவது கேட்டிருக்கலாம். இந்த ஊரில் பிரெஞ்சு படித்து வளர்ந்த மகன் வீட்டிலேயே இருந்தான். அவனைக் கேட்டால் தாயென்ற மதிப்பு என்னாவது? அதனால் கேட்கவில்லை. நேரே டெலிபோனை எடுத்தார். எனக்கும் அடித்தார்.

"கௌரி, வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்திலை கோதுமை புடைக்கிற விழா. சுளகோடை வா."

"என்ன விழா?"

"இந்தியக் கோதுமை. எங்களுக்கெண்டு வைக்கினம். நீ பிரெஞ்சு கதைக்கத் தேவையில்லை. சுளகாலை கதை."

இதுதான் என்னை விழுத்தியது. பிரெஞ்சு தேவையில்லை, கை வேலை மட்டும்தான் என்றால் உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியது. எனக்குத் தோன்றியது போலவே மற்றவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, திரேசம்மாவைத் தவிர. திரேசம்மா என் பக்கத்து வீடு. எதற்கும் முதலில் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் பிறகு யோசிப்பாள்.

"இந்தியக் கோதுமையெண்டால் இந்தியாக்காரர் போகட்டும். எங்களுக்கென்ன அதிலை?" என்றாள்.

"இஞ்சை எங்களைப் பார்க்கிறவைக்கு நாங்கள் எல்லாரும் இந்தியாதான். ஒருநாளைக்கு இந்தியாவா இருந்திட்டுப் போவன், என்ன குறைஞ்சு போகும்?" என்றார் அக்கா.

சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஏழுமலையின் மகனும் அந்தப் பள்ளியில்தான். அவருக்குச் செய்தி போனதும் அரைநாள் லீவு எடுத்துவிட்டார். "நம்ம ஊரு கோதுமைக்கு இங்க விழா எடுக்கறாங்கன்னா நான் இல்லாமலா அக்கா?" என்றாராம். அவர் வீட்டில் சுளகு கிடையாது. அவர் முறம் என்பார், நாங்கள் சுளகு என்போம், முதல் அரைமணி நேரம் அந்த விளக்கத்திலேயே போனது.

ஜான்-டலோன் தெருவில் பேரின்பநாதன் கடையில் வைத்திருந்த சுளகெல்லாம் அந்தக் கிழமை விற்றுத் தீர்ந்தது. அந்த மனிசன் ஏதோ கோயில் காரியம் என்று நினைத்து ரொறன்ரோவுக்கு இன்னும் ஓடர் கொடுத்தான். பாவம், அந்தச் சுளகுகள் அடுத்த வருடமும் கடை முகட்டில் தொங்கின.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். மேப்பிள் மரங்கள் ஒருபக்கம் சிவந்து ஒருபக்கம் பச்சையாக நின்றன. நாங்கள் தனித்தனியாகப் போகப் பயந்து முதலில் முக்கில் இருந்த தெப்பனர், அதாவது பாலும் சிகரெட்டும் விற்கிற சின்னக் கடை, அதன் வாசலில் கூடினோம். சேலைக்கு மேல் சுவெட்டர், கையில் சுளகு, சிலர் கையில் கோதுமைப் பையும். கோதுமை அங்கேயே தருவார்கள் என்று அக்கா சொல்லியிருந்தார், என்றாலும் வெறுங்கையோடு போவது அழகில்லை என்று கொண்டுவந்திருந்தார்கள். திரேசம்மாவும் வந்திருந்தாள், எல்லாரையும்விடப் பெரிய சுளகோடு. தெருவில் போன கிரேக்கக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி எங்களுக்கு வழிவிட்டார். ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்திருப்பார்.

கேற்றடிக்கு வந்து உள்ளே பார்த்தோம். முற்றத்தின் நடுவில் பெரிய பெரிய கிடாரங்களில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சாக்குச் சாக்காக, மலைபோலக் குவிந்து கிடந்தது.

சோளம்!

தோல் உரிக்காத, பச்சைச் சோளம்பொத்தி. கோதுமை மருந்துக்கும் இல்லை. பிள்ளைகள் சுற்றி நின்று பொத்தியின் மடலை உரித்து உரித்து எறிந்துகொண்டிருந்தார்கள்.

நாங்கள் சுளகோடு நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. அப்போது நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்றிருந்தது. சனிக்கிழமை தவறாமல் ஜான்-டலோன் சந்தையில் சோளம் வாங்குகிறவர்கள்தான் நாங்கள். கையைக் காட்டி வாங்குகிறவர்களுக்குப் பெயர் எதற்கு? வகுப்பில் எங்களுக்கு அதை 'மாயிஸ்' என்றுதான் படிப்பித்தார்கள். இந்த ஊர்ச் சனம் அதற்கு இந்தியக் கோதுமை என்று பெயர் வைத்திருக்கும் என்று யார் கண்டது? பிள்ளைகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"புஷ்பம்!" திரேசம்மா கத்தினாள். "உன்னை நம்பிச் சுளகோடை வந்தனே, என்ர மானத்தை வாங்கிப்போட்டாய்! நான் போறன்."

அவள் திரும்ப, பின்னால் நின்றவர்களும் திரும்பினார்கள். அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தார். அவருடைய முகத்தில் இரத்தம் இல்லை. "போகாதேங்கோ, போகாதேங்கோ" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கேற்றடியில் நின்றார். இன்று போனவர்கள் இனி ஒருநாளும் இந்தக் கேற்றுக்குள் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மடம் கத்தரின் வந்தார். "போஞ்சூர், போஞ்சூர்!" என்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். பிறகு சுளகுகளைப் பார்த்தார். "இவை என்ன?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எங்கள் நாட்டில் சோளத்தை இதில்தான் வைப்போம் என்றிருந்தால் யார் சாட்சி? ஆனால் அவருக்கு வாய்தான் உண்டே தவிரப் பொய் வராது. "மடம், நீங்கள் இந்தியக் கோதுமை என்றீர்கள். நான் இந்தியாவின் கோதுமை என்று நம்பிவிட்டேன். இது கோதுமை துப்புரவாக்குகிற தட்டு. இவர்களில் பிழையில்லை, என் பிழை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தார்.

மடம் கத்தரின் சுளகைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு விளங்கவேண்டுமென்று மெதுவாகச் சொன்னார்: "பிழை உங்களுடையது இல்லை, எங்கள் ஆட்களுடையது. அந்தக் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தார்கள். இங்கே கண்டதற்கெல்லாம் இந்தியா என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் இன்னும் அதைத் திருத்தவில்லை."

அக்கா அதைத் தமிழில் சொன்னார்.

"அப்ப வெள்ளைக்காரன்தான் வழி மாறி வந்து பிழையாப் பேர் வச்சவன்?" என்று கேட்டாள் திரேசம்மா.

"ஓம்."

"அப்ப எங்களிலை பிழையில்லை."

"இல்லை."

"அதைச் சொல்லு முதல்லை" என்றுவிட்டுத் திரேசம்மா சுளகைத் தூக்கிக்கொண்டு கேற்றுக்குள் நடந்தாள். முதலில் இல்லையென்று சொன்னவள் முதலில் உள்ளே போனாள். அவள் பின்னால் நாங்கள் போனோம்.

அதற்குப் பிறகு எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நிலத்தில் வட்டமாகக் குந்தினோம். பொத்தியை உரித்துச் சுளகில் போட, பிள்ளைகள் சுளகோடு தூக்கிக்கொண்டு கிடாரத்தடிக்கு ஓடினார்கள். போட்டிக்கு ஓடியதில் பாதி வழியிலேயே கொட்டியது, யாரும் ஏசவில்லை. ஏழுமலை கழுத்துப்பட்டியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிரேக்கத் தகப்பன் ஒருவரோடு பந்தயம் கட்டி உரித்தார். தோற்றார். "இது நம்ம ஊரு கோதுமை இல்லீங்க, அதான்" என்றார். அவித்த பொத்திக்கு இவர்கள் வெண்ணெய் பூசுகிறார்கள். திரேசம்மா கைப்பையைத் திறந்து மிளகாய்த்தூளையும் உப்பையும் எடுத்தாள். அது ஏன் அவளுடைய கைப்பையில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. மடம் கத்தரின் ஒரு கடி கடித்துவிட்டு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார், பிறகு இன்னொரு பொத்தி கேட்டார்.

எல்லாம் உரித்து முடிகிற நேரம் பிள்ளைகளுக்குள் ஒரு சலசலப்பு. மூன்றாம் வகுப்பு டீச்சர் மடம் றோசலின் உரித்த மடல்களைக் கிளறிக் கிளறி எதையோ தேடினார். வருடக்கணக்காக அங்கே படிப்பிக்கிறவர், நரைத்த தலை. ஒவ்வொரு வருடமும் ஒரு பொத்தியில் பீட்ரூட் சாறு பூசிச் சிவப்பாக்கி, திரும்ப மடலால் மூடிக் குவியலுக்குள் ஒளித்து வைப்பாராம். அது யார் கையில் வருகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா, அல்லது ராணி. கடதாசிக் கிரீடம் உண்டு. பள்ளி விடுகிற மணி அடிப்பதற்குள் ஒரு கட்டளை போடலாம், தலைமை ஆசிரியை உட்பட எல்லாரும் கேட்கவேண்டும். போன வருடம் ராஜாவான பையன் எல்லா டீச்சரையும் தவளைபோலப் பாயச் சொன்னானாம்.

இந்த வருடம் சிவப்புப் பொத்தியைக் காணவில்லை. சாக்கு வெறுமையாகிவிட்டது. சின்னவர்களுக்கு அழுகை வரப்பார்த்தது.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய முழி சரியில்லை.

"என்ன அக்கா?"

"கௌரி, நான் ஒரு பொத்தி உரிச்சனான். ஒரே சிவப்பு. ஏதோ வருத்தம் பிடிச்ச சோளமாக்கும், பிள்ளையள் திண்டால் வயித்தாலை போகும் எண்டு..."

"எண்டு?"

அக்கா மெதுவாகக் கோட்டுப் பொக்கற்றுக்குள் கைவிட்டு அந்தப் பொத்தியை வெளியே எடுத்தார். பொக்கற்றெல்லாம் பீட்ரூட் சிவப்பு.

முற்றம் முழுக்க ஒரே கத்தல். "மடம் கொழுக்கட்டை! மடம் கொழுக்கட்டைதான் ராணி!" அவருக்கு வெட்கம். ஒருநாளில் இரண்டு தரமா என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அந்த ஹெயிட்டிப் பிள்ளை கதிரையில் ஏறி நின்று கிரீடத்தைத் தலையில் வைத்தது. மேப்பிள் இலை ஒட்டிய மஞ்சள் கிரீடம், கொண்டையில் சரியாகக் குந்தவில்லை.

"ராணியம்மா, கட்டளை?" என்று கேட்டார் மடம் கத்தரின்.

அக்கா யோசிக்கவேயில்லை. எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னார்: "பிள்ளைகள் எல்லாரும் அம்மா அப்பாவின் கையைப் பிடியுங்கள். உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கதிரையில் அவர்களை இருத்துங்கள்."

பேந்து என்று சொல்ல எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. என் மகள் என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் செருப்புக் கழன்றது. கூட்டித் துடைக்கிறவர் சோள முடி ஒட்டிய கால்களைப் பார்த்து ஏதோ முறையிட்டார், ராணியின் கட்டளை என்று பிள்ளைகள் அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். என் மகளின் வகுப்பு கீழ்மாடியில் கடைசி. சின்னக் கதிரையில் நான் முழங்கால் நாடியில் முட்ட இருந்தேன். சுவரில் அவள் கீறிய படம் ஒட்டியிருந்தது: நான், ஒரு வேலி, வேலிக்குப் பின்னால் நின்று கைகாட்டுகிறேன். டீச்சர் ஏதோ சொன்னார். இவள் வகுப்பில் வாய் ஓயாமல் கதைக்கிறாளாம், ஆனால் எல்லாருக்கும் உதவி செய்வாளாம். எனக்கு முழுக்க விளங்கியது. விளங்கிய சந்தோசத்தில் "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். டீச்சரும் "ஓம்" என்றார்.

வெளியே வந்தபோது நடைபாதையில் அக்கா தனியாக நின்றார். தலையில் கிரீடம், கையில் சுளகு. எல்லா வகுப்புக்குள்ளும் சிரிப்பும் சத்தமும். அவரைக் கையில் பிடித்து இழுக்கத்தான் பிள்ளை இல்லை. அவர் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

மடம் றோசலின் அந்த வழியாக வந்தார். அக்காவைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கேட்கவேண்டுமென்று கனநாளாக நினைத்தேன். நீங்கள் கஜீவனின் அம்மாதானே? அதே கண். வாருங்கள்" என்று மாடிப்படியைக் காட்டினார். எனக்கு விடுப்புப் பார்க்கிற, அதாவது மற்றவர் கதையை எட்டிப் பார்க்கிற பழக்கம் உண்டு, மறைக்கவில்லை. பின்னாலேயே போனேன்.

மேல்மாடி வகுப்பு வாசலில் அக்கா சுளகைச் சுவரோடு சாத்திவிட்டு டெலிபோனை எடுத்தார். காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பார், இரண்டு பக்கக் கதையும் ஊருக்கே கேட்கும். கஜீவன் அப்போது காலையில் படிப்பு, பின்னேரம் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

"தம்பி, நான் உன்ர வகுப்பிலை நிக்கிறன். மடம் றோசலின்ர வகுப்பிலை."

"சின்னப் பள்ளிக்கூடத்திலையோ? அங்கை ஏன் கூப்பிட்டவை? நான் என்ன செய்தனான்?"

பத்தொன்பது வயதுப் பெடியன் கேட்கிற கேள்வி. அக்கா சிரித்தார்.

"நீ ஒண்டும் செய்யேல்லை. எந்தக் கதிரையிலை இருந்தனி எண்டு சொல்லு."

"ஜன்னல் பக்கம். கடைசிக்கு முன்மேசை."

அக்கா போய் அந்தச் சின்னக் கதிரையில் இருந்தார். கதிரை முனகியது.

"இருந்திட்டியளே? இப்ப வெளியாலை பாருங்கோ. சந்துக்கு அங்கால, ரெண்டாம் மாடி."

நானும் எட்டிப் பார்த்தேன். பின்சந்து, வரிசையாகப் பல்கனிகள், பல்கனிக்குப் பல்கனி உடுப்புக் கொடிகள். ஒன்றில் யாரோ ஒருவருடைய படுக்கைவிரிப்பு காற்றில் ஊதிக்கொண்டு நின்றது.

"கஜீவன், அது எங்கட பழைய பல்கனியெல்லே!"

"ஓம் அம்மா. நீங்கள் பின்னேரம் வேலைக்குப் போறபடியால் காலமையிலைதானே உடுப்புக் காயப் போடுவியள். முதல் வருசம் எனக்கு இவை கதைக்கிறது ஒண்டும் விளங்காது. பயமா இருக்கும். அப்ப உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பன். ஒவ்வொரு வருசமும் இந்தப் பக்கத்து வகுப்பு, இந்த ஜன்னல்தான் கேட்டு வாங்குவன். பிறகு பயம் போயிட்டுது, பழக்கம் போகேல்லை. அதுதான் கணக்கிலை கோட்டை விட்டனான்."

அக்காவின் வாய் மூடிக்கொண்டதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கண்டேன். அந்தப் பல்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவில்லை.

"அம்மா? லைனிலை நிக்கிறியளோ?"

"நிக்கிறன்ரா குரங்கே. அந்தக் கணக்குக்கு உனக்கு எவ்வளவு ஏச்சு ஏசினனான்! என்னைப் பார்த்ததாலைதான் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் காயப் போடுறதை நிப்பாட்டிவிடுவியள்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். கிரீடம் சரிந்து ஒரு காதில் தொங்கியது. மடம் றோசலினுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னவென்று கேட்டார். அக்கா ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டிக் காட்டினார். பிறகு தன் நெஞ்சில் விரலை வைத்துக்கொண்டு, இலக்கணம் ஒன்றுகூடப் பிசகாமல் பிரெஞ்சில் சொன்னார்:

"மடம், நான் ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறேன்."